கிளிஃபோர்ட் வீட்டுச் சூடு

கிளிஃபோர்ட் ஓல்ட்ராய்டுக்கும் எனக்கும் நடுவில் நாற்பது வருடமாக ஒரு சுவர் இருக்கிறது. கீத்லி என்ற எங்கள் ஊரில் தெரு வீடுகள் எல்லாம் தோளோடு தோள் இடித்து நிற்பவை. என் முன்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய முன்னறை. நான் என் வீட்டை இருபத்திரண்டு டிகிரியில் வைத்திருப்பவள். அவர் தன் வீட்டை வெளியே என்ன இருக்கிறதோ அதில் வைத்திருப்பவர். ஆகவே என் பாய்லர் எரித்துத் தரும் சூட்டில் ஒரு நல்ல பங்கைச் சுவர் வழியாக வாங்கிக்கொண்டு, "இது நல்ல சுவர், பெரில். அந்தக் காலத்துக் கல்லு" என்று பாராட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கஞ்சன் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர் கஞ்சன் இல்லை. கிளப்பில் தன் முறை வரும்போது எல்லோருக்கும் பியர் வாங்கிக் கொடுப்பார். என் பூனைக்குக்கூட கிறிஸ்துமஸுக்கு ஏதாவது கொண்டு வருவார். வீட்டைச் சூடாக்குவது மட்டும்தான் அவருக்குப் பிடிக்காது. சிலர் சூதாட்டத்தைப் பாவம் என்று ஒதுக்குவார்களே, அப்படி.

முப்பத்தொரு வருடம் அவர் மேட்டுத் தெரு ஆரம்பப் பள்ளியின் பராமரிப்பாளராக இருந்தவர். பாய்லர் அறைச் சாவி அவர் இடுப்பு பெல்ட்டில் தொங்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறோமே, அதற்கு முன்னால் பாய்லரைப் பற்றவைப்பதில்லை என்பது அவருடைய சட்டம். எங்கள் ஊரில் பலருக்கும் அந்த வழக்கம் உண்டு, ஆனால் நாங்கள் எல்லாம் யாரும் பார்க்காதபோது மீறுகிறவர்கள். அவர் மீறியதில்லை. தலைமையாசிரியை நேரில் வந்து கெஞ்சினாலும் ஒரே பதில்தான். "பிள்ளைங்களைக் கம்பளி ஜம்பர் போட்டுக்கச் சொல்லுங்க." இன்றும் கடைத்தெருவில் அவரைப் பார்த்ததும் நடுவயது ஆட்கள் சிலர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற அன்று பள்ளிச் சாவியைக் கொடுத்துவிட்டுச் சட்டத்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். மனைவி பாலின் வீட்டுக்குள் கோட்டு போட்டுக்கொண்டே சமைப்பாள். யாராவது வந்தால், "இப்பத்தான் வெளியே கிளம்பறேன்" என்று சொல்லிவைப்பாள். ஆறு வருடம் முன்னால் இறந்துபோனாள். குளிரால் அல்ல, அதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவார்.

வெந்நீரில் மட்டும் அவருக்குக் கொள்கை வேறு. தினமும் குளிப்பார். மாடியில், எங்கள் எல்லோர் வீட்டிலும் போலவே, வெந்நீர்த் தொட்டி வைத்த அலமாரி ஒன்று உண்டு. தொட்டியின் சூட்டில் துண்டும் பனியனும் கதகதப்பாக இருக்கட்டும் என்று அதற்குள்தான் அடுக்கி வைப்போம். அவர் வீட்டில் சூடு கண்ட ஒரே இடம் அந்த அலமாரி.

போன வருடத்துக்கு முந்தின ஜனவரியில் அவருக்குச் சளி பிடித்து, அது நெஞ்சில் இறங்கி, நான்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். மகள் லொரேன் நாட்டிங்ஹமிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டி வந்தாள். ஆஸ்பத்திரிக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குள் போனவள் கண்டது மூன்று. சமையலறையில் ஒன்பது டிகிரி. அடி கருகிப்போன கெட்டில். ரொட்டி டின்னுக்குள் அவருடைய மூக்குக் கண்ணாடி.

குளிரையும் கெட்டிலையும் அவள் மன்னித்துவிட்டாள். கண்ணாடியை மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்து, முடிவில் ஒரு புன்னகை. அவருக்கு அது புரியாமல் இல்லை.

"பெரில், அவ என்கிட்ட எப்படிப் பேசறா பார்த்தியா? நான் என்னமோ தண்ணித் தொட்டியில விழுந்த பூனை மாதிரி."

ஊர் எல்லையில் வில்லோ கோர்ட் என்று முதியவர்களுக்கான அடுக்குவீடு இருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் சிவப்புக் கயிறு. இழுத்தால் ஆள் வரும். எல்லா இடத்திலும் இருபத்துமூன்று டிகிரி. லொரேன் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். திரும்பி வந்து அவர் சொன்னது: "அங்க தக்காளி வளர்க்கலாம். மனுஷன் இருக்க முடியாது."

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அவர் தன் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் வீட்டின் சூடு மகள் கண்ணில் இருக்க வேண்டும். இன்னொரு முறை ஏதாவது ஒன்று, என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், விநோதமாக நடந்தால் வில்லோ கோர்ட்தான்.

செப்டம்பரில் பாய்லர்காரன் டங்கன் வந்தான். சமையலறை மேசையைச் சுற்றி லொரேன், அவர், டங்கன், நான். என்னை எதற்கு அழைத்தார்கள் என்றால், இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் ஒருத்தி வேண்டுமென்று. நானும் கேக் எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவிகள் இரண்டை டங்கன் மேசைமேல் வைத்தான். "இது சாதாரணது. சுவத்துல மாட்டி, குமிழைத் திருப்பினா போதும். இது ஸ்மார்ட். எவ்வளவு சூடுன்னு போன்ல தெரியும். போன்லயே கூட்டலாம், குறைக்கலாம்."

"யாரு போன்ல?" என்றார் கிளிஃபோர்ட்.

"என் போன்லப்பா," என்றாள் லொரேன்.

"என் வீட்டுச் சூட்டை நாட்டிங்ஹம்ல உக்காந்துக்கிட்டு நீ திருப்புவியா?"

"நீங்க திருப்ப மாட்டேங்கறீங்களே."

"திருப்பலைன்னா, திருப்ப வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கேன்னு அர்த்தம். நானூறு பிள்ளைங்களுக்கு முடிவு பண்ணினவன் நான்."

"அந்த நானூறுல நானும் ஒருத்தி. ஏழு வருஷம் கையுறை போட்டுக்கிட்டுத்தான் கணக்குப் போட்டேன்."

அவர் டங்கன் பக்கம் திரும்பினார். "நீ எந்தப் பள்ளிக்கூடம் தம்பி?"

"உங்க பள்ளிக்கூடம்தான், மிஸ்டர் ஓல்ட்ராய்ட்," என்று சொல்லிவிட்டு டங்கன் மேல்கோட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

சாதாரணமானதுதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அதைத் திருப்பியதாகச் சொல்லிவிட்டுத் திருப்பாமல் இருப்பீர்கள் என்று அவள் சொன்னாள். அப்படி ஒரு நாளும் செய்யமாட்டேன் என்று அவர் சொன்னார். இந்த மட்டத்தில் பேச்சு கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் கேக்கை வெட்டினேன். அப்போது டங்கன், வியாபாரம் முறிந்துவிடக் கூடாதே என்ற கவலையில், ஸ்மார்ட் கருவியைக் கையில் தூக்கிக் காட்டினான்.

"இதுல ஒரு வசதி இருக்கு. சுவத்துல அடிக்க வேண்டியதில்ல. ஸ்டாண்டுல நிக்கும், கம்பி கிடையாது. நீங்க எந்த ரூம்ல இருக்கீங்களோ அங்க எடுத்துட்டுப் போய் வச்சுக்கலாம். அது இருக்கற இடத்துல என்ன சூடோ, அதைப் பார்த்துத்தான் பாய்லரை எரிய விடும், நிறுத்தும்."

கிளிஃபோர்ட் முதல் தடவையாக அதை நிமிர்ந்து பார்த்தார். "அது இருக்கற இடத்துல."

"ஆமா."

"எங்க வேணாலும் வைக்கலாம்?"

"எங்க வேணாலும்."

"சரி," என்றார். "ஸ்மார்ட்டே போடு."

லொரேனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் அப்பாவின் தலையில் முத்தம் கொடுத்தாள். நான் கேக்கைத் தட்டில் திரும்ப வைத்தேன். அவர் ஒரு விவாதத்தில் தோற்று நான் பார்த்ததே இல்லை. அதுவும் கேக் தீர்வதற்குள்.

கடிகாரம் பின்னுக்குப் போயிற்று. நவம்பர் வந்தது. லொரேன் எனக்குப் போன் செய்து பூரித்துப்போனாள். "ஆன்ட்டி, வீடு இருபத்திநாலு டிகிரி! அப்பா இவ்வளவு மாறுவார்னு நான் நினைக்கவே இல்ல. ரொம்பச் சூடா வச்சுக்காதீங்கன்னு நான் சொல்ல வேண்டியிருக்கு!"

போனைக் கீழே வைத்துவிட்டு என் முன்னறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும்.

சமையலறையில் தொப்பி, கோட்டு, மடியில் வெந்நீர்ப் பை சகிதம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வெள்ளையாக வந்தது.

"அது எங்கய்யா?" என்றேன்.

"எது?"

"கிளிஃப்."

செய்தித்தாளை மடித்து வைத்தார். என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு திருமண ஆல்பத்தைத் திறப்பவர் போல வெந்நீர் அலமாரியின் கதவைத் திறந்தார். உள்ளே, மடித்த துண்டுகளுக்கு நடுவே, பனியன்களின் மேல், ஸ்மார்ட் கருவி சொகுசாக நின்றுகொண்டிருந்தது. இருபத்திநாலு என்று காட்டியது.

"கதவை மூடினா இருபத்திநாலு," என்றார். "ஒரு விரல் அளவு திறந்து வச்சா இருபத்தொண்ணு. லொரேன் குறைக்கச் சொன்னா ஒரு விரல். சாயங்காலம் ரெண்டு விரல் வச்சுட்டு, காலையில மூடிடறேன். ராத்திரி கொஞ்சம் குறையற மாதிரி இருக்கணுமில்ல? இல்லைன்னா சந்தேகப்படுவா."

மனுஷன் முகத்தில் அத்தனை களை. ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது என்று எனக்குத் தோன்றியது. திறமையாகவே செய்துகொண்டிருந்தார்.

"செத்துப் போவே," என்றேன்.

"ஜம்பர் போட்டிருக்கேன்."

"போன குளிர்லயும் போட்டிருந்தே. நெஞ்சுல இறங்கி, வாயில மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்தே. ஆம்புலன்ஸுக்குச் சொன்னவ நான். இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்."

"லொரேன்கிட்ட சொல்லிடுவியா?"

சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னால் வில்லோ கோர்ட். அவரை அந்தச் சிவப்புக் கயிறுக்குப் பக்கத்தில் நினைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக யாராவது வருவார்கள், சின்னஞ்சிறுசுகள், டிரம்ஸ் வாசிப்பார்கள். அது மட்டும் காரணமில்லை. அவர் போய்விட்டால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். அதை அவரிடம் சொல்லி அவருக்குத் தலைக்கனம் ஏற்ற நான் விரும்பவில்லை.

"தினம் நாலு மணிக்கு என் வீட்டுக்கு வரணும்," என்றேன். "ஏழு மணி வரைக்கும் உக்காரணும். ஒரு நாள் வரலைன்னாலும் போன் பண்ணிடுவேன்."

"உன் வீடு அடுப்புக்குள்ள இருக்கற மாதிரி இருக்கும்."

"அப்ப வெந்துட்டுப் போ."

வந்தார். குளிர்காலம் முழுவதும் வந்தார். வந்ததும் ஒரு ஜம்பரைக் கழற்றி நாற்காலியில் போடுவார், தேநீர் வந்ததும் இன்னொன்று, டிவியில் வினாடி வினா தொடங்கும்போது மூன்றாவது. நாலாவது ஒன்று இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேள்விகளுக்குத் தவறான பதிலை உரக்கச் சொல்லிவிட்டு, டிவியில் சரியான பதில் வந்ததும் டிவியைச் சந்தேகப்படுவார். ஏழு மணிக்கு எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு, என்னமோ நான் அவரைக் கட்டிப்போட்டு வைத்திருந்ததுபோல் மூச்சு விட்டுவிட்டுக் கிளம்புவார்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலைதான் கடைக்குப் போனபோது அவருக்கும் சேர்த்து வெண்ணெய் வாங்கி அவர் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மாடியில் குளித்துக்கொண்டிருந்தார், பாட்டுச் சத்தம் கேட்டது. மறுநாள் லொரேன் வருவதாக இருந்தது. மகள் வருகிற நாட்களில் கருவியை அலமாரியிலிருந்து எடுத்து முன்னறைக் கணப்பு மாடத்தில் அலங்காரமாக வைத்துவிட்டு, அன்று மட்டும் வீட்டைச் சூடாக்க விடுவார்.

மூன்று மணிக்கு என் போன் அடித்தது. லொரேன். அழுதுகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, எட்டு டிகிரி காட்டுது! காலையில இருந்து இறங்கிக்கிட்டே இருக்கு. நான் இங்க இருந்து முப்பது வரைக்கும் ஏத்தி விட்டுட்டேன், ஏறவே மாட்டேங்குது. அப்பா போனை எடுக்கல. நான் அப்பவே கிளம்பிட்டேன், பாதி வழிக்கு மேல வந்துட்டேன். தயவுசெஞ்சு போய்ப் பாருங்க ஆன்ட்டி."

எட்டு டிகிரி என்றால் ஜன்னலோ கதவோ திறந்து கிடக்கிறது, அவர் எங்கேயோ விழுந்து கிடக்கிறார் என்று நினைத்தேன். செருப்பைக்கூட மாற்றவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. கூடத்துச் சுவரில் பாய்லரின் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் மேல் கை வைக்க முடியவில்லை. முன்னறையில் ஜன்னல் இரண்டும் அகலத் திறந்திருக்க, கிளிஃபோர்ட் பனியனும், எண்பதுகளில் ஸ்பெயினுக்குப் போனபோது வாங்கிய அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு, சிவந்துபோய், வாயைத் திறந்தபடி சோபாவில் கிடந்தார்.

இறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். 'அடப்பாவி, என்னை விட்டுட்டுப் போயிட்டியே' என்று மனதுக்குள் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லாதது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அவர் கண்ணைத் திறந்தார்.

"கதவைத் திறந்தே வை," என்றார். "கொஞ்சம் காத்து வரட்டும்."

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

"நான் எங்க பண்ணினேன்? அவதான் நாட்டிங்ஹம்ல இருந்து என்னை அவிக்கறா. கண்டுபிடிச்சுட்டா போல. அதான் போனையும் எடுக்கல."

"அந்தக் கருவி எங்க?"

"அலமாரியில இல்ல," என்றார். "மாடத்துலயும் இல்ல. மத்தியானம் பூரா தேடினேன். தேடத் தேடச் சூடு ஏறிக்கிட்டே போச்சு. பாய்லரை அணைச்சா அதுவும் அவளுக்குத் தெரிஞ்சுடும்னு விட்டுட்டு, அப்பறம் உக்காந்துட்டேன்."

நானும் தேடினேன். படுக்கைக்குக் கீழே, சோபாவின் இடுக்கில், ரொட்டி டின்னுக்குள்ளும்கூட. அவர் பின்னாலேயே வந்து, நான் பார்த்த இடத்தை எல்லாம் இன்னொரு தடவை பார்த்தார். எதற்கும் தேநீர் போடலாம் என்று பால் எடுக்க நிலவறைக் கதவைத் திறந்தேன். கீழே இறங்கும் படிக்கட்டின் தலைப்பில், வருடம் முழுக்கச் சில்லென்று இருக்கும் ஒரு கல் பலகை உண்டு. ஃபிரிட்ஜ் வந்த பிறகும் எங்கள் தெருவில் பாலும் வெண்ணெயும் அங்கேதான் இருக்கும். காலையில் நான் வாங்கிக் கொடுத்த வெண்ணெய் அங்கே இருந்தது. அதன் பக்கத்தில், நேராக, ஒழுங்காக, ஸ்மார்ட் கருவி நின்றது. எட்டு டிகிரி. வீடு முழுக்க வெந்துகொண்டிருக்க, அது மட்டும் குளிரில் நின்று பாய்லரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பவும் லொரேன் சமையலறைக்குள் வரவும் சரியாக இருந்தது. முகம் வீங்கியிருந்தது. அரைக்கால் சட்டையில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"அது எங்க இருந்துச்சு?"

"வெண்ணெய் பக்கத்துல," என்று சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா," என்றாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "இதை. வெண்ணெய். பக்கத்துல. நீங்களா. வச்சீங்க?" கடைசியில் அந்தப் புன்னகை.

கிளிஃபோர்ட் அந்தப் புன்னகையைப் பார்த்தார். பள்ளியில் யாராவது அனுமதியில்லாமல் பாய்லர் அறைக்குள் நுழைந்தால் எப்படி நிமிர்வாரோ, அப்படி நிமிர்ந்தார்.

"ஆமா. வேணும்னுதான் வச்சேன்."

"வேணும்னா?"

"பரிசோதனை. சூட்டுல வச்சா பாய்லர் எரியாதுன்னு தெரியும். குளிர்ல வச்சா எவ்வளவு வேகமா எரியும்னு பார்க்கணுமில்ல?"

"சூட்டுல வச்சா எரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வா, காட்டறேன்."

அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். அலமாரி, துண்டுகள், பனியன்கள், ஒரு விரல், இரண்டு விரல், எல்லாவற்றையும் விளக்கினார். சாயங்காலத்துக்கு எப்படி, காலைக்கு எப்படி, அவள் குறைக்கச் சொன்ன அன்று என்ன செய்தார், ஒன்றையும் விடவில்லை. நவம்பரிலிருந்து இந்த வீட்டில் இருபத்திநாலு டிகிரி என்பது அவருடைய பனியன்களுக்கு மட்டும்தான் என்பதை லொரேன் புரிந்துகொண்டாள். அவள் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டே வந்தது.

பிறகு கத்தினாள். அரைமணி நேரம் கத்தினாள். பொய்யன் என்றாள், கிழட்டுத் திருடன் என்றாள், வண்டியில் வரும்போது சவப்பெட்டிக்குப் பூவே யோசித்துவிட்டேன் என்றாள். "நீங்களும் உடந்தையா ஆன்ட்டி?" என்று எனக்கும் விழுந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. புத்தி பிசகியவரை யாரும் இப்படித் திட்ட மாட்டார்கள்.

மறுநாளே டங்கனை வரவழைத்தாள். சாதாரணக் குமிழ் ஒன்றை முன்னறைச் சுவரில், நான்கு திருகாணி போட்டு, பிடுங்க முடியாதபடி அடிக்கச் சொன்னாள்.

"இது எங்கயும் நடந்து போகாதில்ல?" என்று கேட்டாள்.

"போகாது," என்றான் டங்கன்.

பத்தொன்பதில் வைத்து, இனி அதில் கை வைப்பதில்லை என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, ஸ்மார்ட் கருவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனாள். வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு, "ஏமாத்துக்காரர், ஆனா தெளிவா இருக்கார்" என்றாள். வில்லோ கோர்ட் பேச்சு அதோடு நின்றுவிட்டது. ஆக, அவர் முதலில் கேட்ட சாதனமே அவருக்குக் கிடைத்தது. இதில் அவர் பெருமையடிக்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அடிக்கவில்லை.

இப்போது என் வீட்டுக்கு வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்றாலும் நாலு மணிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் ஒரு ஜம்பரைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"பெரில். அந்த வெண்ணெய் விஷயம்."

"அதான் முடிஞ்சு போச்சே."

"பரிசோதனை எல்லாம் புளுகு," என்றார். "நான் அங்க வைக்கல. வச்சிருந்தா எனக்குத் தெரியும். அலமாரியில இருந்து எடுத்தது ஞாபகம் இல்ல. கீழ கொண்டுவந்தது ஞாபகம் இல்ல. வெண்ணெயை எடுத்து உள்ள வச்சதுகூட ஞாபகம் இல்ல. படுத்துக்கிட்டுத் தேடறேன், தேடறேன், அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல." தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குப் பயமா இருக்கு."

நாற்பது வருடத்தில் இந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. பாலின் இறந்தபோதுகூட இல்லை.

"நீ வைக்கல," என்றேன். "நான்தான் வச்சேன்."

"நீயா?"

"அன்னைக்குக் காலையில வெண்ணெய் கொண்டு வந்தேனில்ல? நீ குளிச்சுக்கிட்டிருந்தே. குரல் கொடுக்க மாடிக்கு வந்தேன். அலமாரி திறந்திருந்துச்சு. அந்தக் கருவியை எடுத்து என்னதான் காட்டுதுன்னு பார்த்துக்கிட்டே இறங்கி வந்தேன். வெண்ணெயை உள்ள வைக்கறப்போ கையில இருந்த அதையும் சேர்த்து வச்சிருக்கேன்."

வெண்ணெய் வாங்கிக் கொடுத்தது மட்டும் உண்மை. மாடிப்படியில் நான் கால் வைக்கவே இல்லை.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சு," என்றேன். அந்த ஒரு சொல்லை வெளியே தள்ளுவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். நம்பலாமா என்று பார்க்கிறார் என்று தெரிந்தது. நம்பத்தான் அவருக்கு ஆசை என்பதும் தெரிந்தது. பிறகு முகத்தில் இரத்தம் ஏறியது, குரல் ஏறியது.

"முட்டாள் பொம்பளை! பாய்லர் என்னாயிருக்கும்? நான் என்னாயிருப்பேன்? அடுத்தவன் வீட்டு அலமாரியில உனக்கு என்ன வேலை? மூணு வாரமா நான் தூங்கல, தெரியுமா?" என்று ஒரு மூச்சுத் தீர்த்துவிட்டு, ஆறின தேநீரைக் குடித்தார். பிறகு ஜம்பரைக் கழற்றினார். "இந்த வீட்டுல மனுஷன் இருக்க முடியுமா?" என்றார். டோஸ்ட் இருக்கிறதா என்று கேட்டார்.

அன்று ராத்திரியே லொரேனுக்குப் போன் செய்திருக்கிறார். பாவம் பெரிலைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் பழியைத் தான் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து என் போன் அடித்தது.

"ஆன்ட்டி," என்றாள் லொரேன். உரக்க. ஒவ்வொரு சொல்லாக. "எப்படி. இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் கண்ணு."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"உங்க பையன் கடைசியா எப்ப வந்தார்?"

"அவன் கனடாவுல இருக்கான். உனக்குத் தெரியுமே."

"தெரியும், தெரியும்." அந்தப் புன்னகை போன் வழியாகவே கேட்டது. "அப்பாவோட அந்த ஸ்மார்ட் கருவி என்கிட்ட சும்மாதான் கிடக்கு ஆன்ட்டி. உங்க வீட்டுல மாட்டிக்கிட்டா என்ன? நான் பார்த்துக்கறேன். உங்க பையன்கிட்டயும் பேசிட்டேன், அவரும் நல்லதுதான்னு சொன்னார்."

எழுபத்துமூன்று வயதில் வினாடி வினாவில் எந்தக் கேள்விக்கும் நான் தடுமாறியதில்லை. உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நான் வைக்கவில்லை என்று சொன்னால், பிறகு யார் வைத்தது என்று அவள் யோசிக்க ஆரம்பிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் கிளிஃபோர்ட் ரேடியோவோடு சேர்ந்து, சுருதி பிசகுவதில் மட்டும் பிசகாமல், பாடிக்கொண்டிருந்தார்.

"அனுப்பி வை கண்ணு," என்றேன்.

"வியாழக்கிழமை டங்கன் வருவார், ஆன்ட்டி. எங்கயாவது எழுதி வச்சுக்கறீங்களா?"

"எழுதி வச்சுக்கறேன்," என்றேன்.